பீடத்துப் பெட்டி

கஸ்பார் கப்பலிலிருந்து இறங்கி, ரெண்டு விமானம் மாறி, வாடகைக் கார் பிடித்து, தூத்துக்குடி சிப்பிக்கூடத் தெருவில் தன் வீட்டுக்குள் காலை வைத்தபோது உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை, ஏனென்றால் எல்லா நாற்காலியிலும் கஸ்பாரே உட்கார்ந்திருந்தார்.

சோபாவில், சாமியார் வந்து புதுவீடு மந்திரித்த அன்றைக்குக் கட்டம்போட்ட சட்டையில் இருந்த கஸ்பார். பிளாஸ்டிக் நாற்காலியில், மீசை அடர்த்தியாக இருந்த காலத்துக் கஸ்பார். பீரோ பக்கத்தில் கூலிங்கிளாஸோடு ஒருவர், ஜன்னலோரம் கைக்குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒல்லியானவர், சாப்பாட்டு மேஜையில் தொப்பை போட்டவர்கள். எல்லோரும் வந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தெரிந்த முகம்தானே என்று திரும்பிக்கொண்டார்கள்.

மகன் ஜெர்வாஸ் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். பதினெட்டு வயது, பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடம் வேண்டாமென்று வந்துவிட்டவன், ஐஸ் கம்பெனியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சுற்றி வளைத்துப் பேச அவனுக்கு வராது. எழுந்திரிக்கச் சொன்னால் இவர்கள் எழுந்திரிக்க மாட்டார்கள், அந்த அரிசி மூட்டைமேல் யாரும் இல்லை, அதில் உட்காருங்கள் என்றான். ஒன்பது மாதம் கழித்து வீட்டுக்கு வந்த மனிதர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெர்வாஸின் அம்மா மெட்டில்டாவின் போனில் இடம் தீர்ந்துவிட்டது. போன் பல நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, இடம் இல்லை, எதையாவது அழி, இடம் இல்லை என்று. அவள் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. ஒருநாள் காலையில் புதுப்படம் ஒன்று உள்ளே போக, பழைய படம் ஒன்று வெளியே வந்தது. வந்தது என்றால், படத்தில் இருந்தவர் படத்தில் இருந்தபடியே, அதே சட்டையோடு, ஆள் உயரத்துக்கு வந்து அடுக்களை வாசலில் நின்றார். அப்புறம் அடுத்தவர். ஏன் என்று ஜெர்வாஸைக் கேட்டால், உள்ளே இடமில்லை, வெளியே வந்தார்கள், பஸ்ஸிலும் அப்படித்தானே என்பான்.

தெருவில் எல்லா வீட்டிலும் அதே கதைதான். குரூப் போட்டோவின் ஓரத்தில் நின்றவர்கள் ஒரு கை இல்லாமல் வந்தார்கள். செல்ஃபி எடுத்தவர்கள் நெஞ்சுக்கு மேலே மட்டும் வந்ததால் அவர்களை டிவி ஸ்டாண்டிலும் ஃபிரிட்ஜ் மேலேயும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வீடியோவிலிருந்து வந்தவர்கள் அதே கொஞ்ச நேரத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். காலை வணக்கம் சொல்லி அனுப்பப்பட்ட ரோஜாப் பூக்கள் அந்த எழுத்தோடு விடிய விடிய வாசலில் குவிந்தன. பெண்கள் அவற்றைக் கூட்டி ஓரமாகத் தள்ள, ஆடுகள் எழுத்தை விட்டுவிட்டுப் பூவைத் தின்றன.

பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். வயிறு பசிக்காதவர்களுக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது, பூசைக்கு வரலாம், முட்டி வலிக்கிறவர்களுக்கு பெஞ்சை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கட்டும் என்றார். ரேஷன் கடையில் பெயர் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆள் குறைந்தால் இவர்களைக் கூட்டிப்போனார்கள். பையன்கள் கிரிக்கெட்டுக்கு ஃபீல்டிங் நிறுத்தினார்கள். பந்தைத் தடுப்பார்கள், எடுத்துத் தர மாட்டார்கள். ஒரு கட்சிக்காரர் லாரி கொண்டுவந்து கூட்டத்துக்கு ஏற்றிப் போனார், சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லையாம். அவ்வளவுதான், பழகிவிட்டது. குழாயில் தண்ணீர் வராததைப் பற்றித்தான் தெரு இதைவிட அதிகம் பேசியது.

பழகாதவர் கஸ்பார் ஒருவர்தான். அவர் கப்பலில் சமையல்காரர். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு முக்காலி உண்டு, கேப்டனே வந்தாலும் அதில் உட்கார மாட்டார். இங்கே மெட்டில்டா "என்னங்க" என்று கூப்பிட்டால் வீடு முழுக்கத் தலைகள் திரும்பின. படுக்கப் போனால், அம்மை போட்டிருந்த வருஷம் எடுத்த படத்திலிருந்து வந்தவர் போர்வையோடு கட்டிலில் அவர் பக்கம் படுத்திருந்தார். கஸ்பார் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். மெட்டில்டா ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. தலையணை கொண்டுவந்து கொடுத்தாள்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் பாறை மீன் அறுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குத்தவைத்து, இவர்களை எல்லாம் எப்படித்தான் வைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று கேட்டார். அவள் செதிளை உரசிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வருவீங்க, போவீங்க. அவங்க இருக்காங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை, மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள், அதுதான் கஸ்பாருக்குத் தாங்கவில்லை. அன்று மத்தியானம் ஜெர்வாஸ் ஐஸ் இறக்கிவிட்டு வந்ததும் அவனைப் பிடித்தார். "ஏலே, எனக்கு இந்த வீட்டுல உக்கார ஒரு எடம் வேணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்."

செய்வதற்கு ஏற்கெனவே பலரும் பலவிதமாக முயன்றிருந்தார்கள். எதிர்வீட்டுப் பவுலின் அக்கா தன் ஆட்களை எல்லாம் ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் போட்டு, அதைக் கைதவறி நண்டுக் கூடையில் போட்டுவிட்டாள்; திரும்பி வந்தவர்கள் எல்லோருக்கும் கழுத்து சுளுக்கியிருந்தது. கடைசி வீட்டு ரொட்ரிகோ வாத்தியார் இன்டர்நெட்டில் வாடகை இடம் பிடித்து எல்லோரையும் ஏற்றிவிட்டு பாஸ்வேர்டை மறந்துபோனார். இப்போது அவர் வீட்டில் ஒருவரும் இல்லை, சாயங்காலமானால் மற்ற வீட்டு ஜன்னல்களில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்பார். அதனால் ஜெர்வாஸ் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து அண்ணாச்சியிடம் போனான். அண்ணாச்சி கடையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. கஸ்பார் அதைப் பார்த்ததுமே நம்பிக்கையோடு உட்கார்ந்தார்.

வீட்டில் எத்தனை போன், எத்தனை வருஷத்துப் படம், வீடியோ அதிகமா, டிவியில் போட்டுப் பார்ப்பீர்களா என்று அண்ணாச்சி ஆற அமரக் கேட்டார். அப்புறம் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். பிரெட் பாக்கெட்டை நிமிர்த்தி வைத்த அளவு. இது வீட்டிலேயே இருக்கும், மோடத்திலிருந்து ஒரு ஒயர் இதற்கு வரும், வீட்டில் இருக்கிற எல்லா போனும் படத்தை இதற்குள் இறக்கிவிட்டுத் தங்களைக் காலி பண்ணிக்கொள்ளலாம், வாடகை கிடையாது, வெளியூரில் இருந்தும் பார்க்கலாம், ஆனால் நெட் வழியாகக் கண்டவனும் நுழைகிற மாதிரி தெரியாமல் கதவைத் திறந்து போட்டுவிடாதீர்கள் என்றார். உள்ளே வைக்கிற டிஸ்க் ராத்திரி பகலாகச் சுற்றுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் இருந்து கழற்றியதைப் போட்டால் கோடையைத் தாங்காது என்றார். மூடின அலமாரிக்குள் வைத்தால் வெந்துவிடும். உப்புக்காற்று நேரே அடித்தால் துருவேறிவிடும்.

ஜெர்வாஸுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. வாங்குவதே வாங்குகிறோம், நாலு டிஸ்க் வைக்கிற பெரிய பெட்டியே கொடுங்கள் என்றான். அது ஆபீஸுக்கு, வீட்டில் வைத்தால் மிக்ஸி மாதிரி சத்தம் போடும், சின்னக் குடும்பத்துக்கு ரெண்டு டிஸ்க் போதும், ரெண்டிலும் அதே படங்கள்தான் இருக்கும் என்றார் அண்ணாச்சி.

கஸ்பார் நிமிர்ந்தார். "ரெண்டுலயும் அதேன்னா, நான் இன்னும் ரெட்டிப்பால்லா ஆவேன்?"

"ஆவீங்க. ஆனா வெளிய தெரியாது. கப்பல்ல ரெண்டு ஜெனரேட்டர் எதுக்கு வச்சிருக்கான்? ஒண்ணு படுத்தா இன்னொண்ணு ஓடணும்லா. அதான் இது."

அது கஸ்பாருக்குப் புரிந்தது. அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார், அதை ரெண்டு பேருமே சரியாகக் கேட்கவில்லை. டிஸ்க் கெட்டால்தான் மற்றது காப்பாற்றும், ஆள் தப்பு செய்தால் ரெண்டும் சேர்ந்து அதே தப்பைச் செய்யும். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும், ஒன்றில் அடிபட்டால் மற்றதிலும் அதே அடிபடும், அதனால் தனியாக இன்னொரு டிஸ்க்கில் மாதம் ஒருமுறை படியெடுத்து வேறு வீட்டில் வையுங்கள். சட்டென்று சுவிட்சை அமத்தவே கூடாது, முதலில் பெட்டியிடம் சொல்ல வேண்டும், அது தன் வேலையை முடித்து மூடிக்கொள்ளும், அப்புறம்தான் கரண்டை எடுக்க வேண்டும். கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். கஸ்பார் சிரித்தார். எங்கள் வீட்டில் அணையவே அணையாத பிளக் ஒன்று இருக்கிறது, யுபிஎஸ் வேண்டாம் என்றார்.

உண்மைதான். சிப்பிக்கூடத் தெருவில் எந்த வீட்டிலும் ஃபேன் நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், மாதா பீடத்துச் சிவப்பு பல்ப் நிற்காது. அந்த பிளக்குக்குத்தான் முதலில் இன்வெர்ட்டர் கனெக்‌ஷன் கொடுப்பார்கள். நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன்கூட மோடத்தைப் பீடத்துக்குக் கீழேதான் மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதனால் பெட்டி மாதாவின் காலடியில், மெழுகுவர்த்தி ஸ்டாண்டுக்கும் தீர்த்தப் பாட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தது.

சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் ஜெர்வாஸ் போனில் அழுத்தினான். பழையவர்கள் முதலில் எழுந்தார்கள். ஒல்லியானவர் கைக்குழந்தையோடு பீடத்துக்கு வந்து, நெருங்க நெருங்கச் சின்னதாகி, பெட்டிக்குப் பக்கத்தில் எறும்பளவானார், போய்விட்டார். மீசைக்காரர் போனார், கட்டம்போட்ட சட்டைக்காரர் போனார், தவழ்ந்து திரிந்த ஜெர்வாஸ்கள் வரிசையாகப் போனார்கள், நடக்க முடியாத செல்ஃபிக்காரர்களை அவனே கையில் ஏந்திக்கொண்டு போய் விட்டான். பெட்டி யாரோ வேர்க்கடலை உடைக்கிற மாதிரி மெதுவாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் மத்தியானம் கட்டிலில் இருந்தவர் போர்வையை மடித்து வைத்துவிட்டு, கடைசியாக, மெட்டில்டாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அவள் அடுக்களைக்குள் போய்த் தட்டுகளைக் கழுவினாள். கழுவின தட்டுகள்தான்.

கஸ்பார் ஒவ்வொரு நாற்காலியிலும் கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்த்தார்.

அப்புறம்தான் வீட்டில் இருந்தவர்களுக்கு நிஜக் கஸ்பாரோடு இருக்க வேண்டியிருந்தது. அவர் பேசினார். குழம்பில் புளி கூடிவிட்டது என்றார். குறட்டை விட்டார். மெட்டில்டா முதலில் அவரை விருந்தாளிபோலப் பார்த்தாள், அப்புறம் குழம்பைப் பற்றிச் சண்டை போட்டாள், அப்புறம் அவரையே குழம்பு வைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து டிவி பார்த்தாள். ஜெர்வாஸுக்கு எந்த அப்பாவோடும் பேசிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் அவர் லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு அவனோடு ஐஸ் இறக்க வந்தார். புயலில் அரிசிப் பானையை அடுப்போடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி, தன்னையும் அதோடு கட்டிக்கொண்டு சமைப்பதைச் சொன்னார். லிஃப்டில் ஏற இன்னும் பயம் என்று சொன்னார். நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரில் ஒருத்தரும் அதை அவனிடம் சொன்னதில்லை.

தெரு அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு பெட்டி வாங்கியது. வாங்கி, எல்லோரும் பீடத்தில்தான் வைத்தார்கள், வேறு எங்கே வைப்பார்கள்.

பெரிய வியாழன் வந்தது. கோவிலில் பூசை முடிந்து பீடத்துணியை உரித்தெடுத்து விளக்கை அணைத்தால், தெருவில் வீட்டுப் பீடங்களிலும் அப்படியே செய்வார்கள். மாதாவுக்கு ஊதாத் துணி போட்டு மூடி, சிவப்பு பல்பை அமத்தி, ஈஸ்டர் வரைக்கும் பீடம் இருட்டாகக் கிடக்க வேண்டும். வருஷத்தில் அந்த பிளக் ஓய்வது அப்போது மட்டும்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து மெட்டில்டா செய்வதுதான், யோசிக்கவே தேவையில்லை, துணியைப் போர்த்தினாள், குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியிடம் ஒருவார்த்தை சொல்லவில்லை. பெட்டி உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருந்தது, பாதியில் நின்றது. தெரு முழுக்க எல்லா வீட்டிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் பெண்கள் குனிந்து நிமிர்ந்தார்கள்.

எல்லோரும் திரும்ப வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு அவ்வளவு பெரிய கூட்டத்தை அந்தக் கடற்கரை கண்டதில்லை. யாரும் கூப்பிடாமலே படத்து ஆட்கள் வீடுகளிலிருந்து இறங்கி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள், ஒரு கை இல்லாதவர்களும், கழுத்து சுளுக்கியவர்களும், முதல் நன்மை வாங்கின நாளின் வெள்ளை உடுப்பில் பிள்ளைகளும், பழைய கல்யாணங்களின் மாப்பிள்ளை பெண்களும், நெஞ்சுக்கு மேலே மட்டும் உள்ளவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டவர்களும், நடக்க நடக்க மண்ணில் தடமே விழாமல் நடந்தார்கள். பிறந்தநாள் வீடியோவில் இருந்து வந்த சிறுவன் ஒருவன் வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தான், பக்கத்தில் போனவர்கள் தங்கள் மெழுகுவர்த்தியை அவனுக்கு நீட்டி அணையவிட்டுத் திரும்பக் கொளுத்திக்கொண்டார்கள். ரொட்ரிகோ வாத்தியார் தனியாக வந்தார், யார் யாரோ அவர் பக்கத்தில் நடந்தார்கள்.

கஸ்பார் கஸ்பார்களுக்கு நடுவில் நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. யார் நிஜம் என்று கண்டுபிடிக்க முடியாதென்று பவுலின் அக்கா கிண்டலடித்தபோது, மெட்டில்டா முன்னால் போய், அத்தனை பேரில் வேர்த்து வழிந்த ஒருவர் கையில் தன் துண்டைக் கொடுத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அவள் அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

ஈஸ்டர் அன்று விளக்குப் போட்டார்கள், எல்லோரும் வரிசையாக உள்ளே போனார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை.

அவர் வாசலில் நின்றார். இடுப்புக்குக் கீழே மட்டும் இருந்தது, சாம்பல் நிறப் பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ, கையும் அந்தக் கையில் பிடித்த சூட்கேஸும். மேலே ஒன்றும் இல்லை, மப்பு வானத்தின் நிறத்தில் ஒரு வெறுமை. ஜெர்வாஸ் அடையாளம் கண்டுகொண்டான். எட்டு வயதில் அம்மா போனைப் பிடுங்கி அவன் எடுத்த படம், அப்பா கப்பலுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். அவன் எடுத்த படம் அது ஒன்றுதான்.

அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, கரண்ட் பிடுங்கின நேரத்தில் பெட்டி இவரைத்தான் கையில் வைத்திருந்திருக்கிறது, பாதி அடிபட்டுவிட்டது என்றார். மற்ற டிஸ்க்கில் முழுசாக இருப்பாரே என்று கஸ்பார் கேட்டார். அதிலும் இதே பாதிதான், ரெண்டும் சேர்ந்து ஒரே மாதிரி எழுதும் என்று அன்றைக்கே சொன்னேனே, தனியாகப் படியெடுத்தீர்களா என்றார் அண்ணாச்சி. போனில் இருந்ததை எல்லாம் இடம் வேண்டுமென்று எப்போதோ காலி பண்ணியாகிவிட்டது.

மேலே என்ன இருந்தது என்பதில் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதம். சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்றாள் மெட்டில்டா. நினைவில்லை, கார் வந்துவிட்டதா என்று தெருவைப் பார்த்திருப்பேன் என்றார் கஸ்பார். தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஜெர்வாஸ் சொன்னான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை, ஆனால் எட்டு வயதில் பார்த்தது.

கஸ்பாருக்கு மறுபடி கப்பல் வந்தது. கிளம்புகிற நாள் காலையில் மெட்டில்டா அவருக்குப் பொதி கட்டிக் கொடுத்தாள், புளி குறைவாகப் போட்ட மீன் ஊறுகாய். போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றவர், கொஞ்சம் யோசித்து, நீயும் நில் என்று அவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். ஜெர்வாஸ் எடுத்தான்.

கார் தெருவில் வந்து நின்றது. கஸ்பார் மகன் நெற்றியில் சிலுவை போட்டார். வாசலுக்குப் போனவர், அங்கே நின்ற கால்களைப் பார்த்துத் தயங்கினார். அவை ஒரு அடி நகர்ந்து வழிவிட்டன. ரெண்டு சூட்கேஸும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டன. அவருக்கு முகம் கறுத்துவிட்டது, மகனைக் கிட்டே கூப்பிட்டார்.

"கடலுக்குப் போறவன் வாசல்ல தலையில்லாம நிக்கக்கூடாதுலே. இத வச்சிருக்காத. நான் முக்கு திரும்புறதுக்குள்ள அழிச்சிடு."

"சரிப்பா" என்றான் ஜெர்வாஸ்.

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். ஜெர்வாஸ் போனை எடுத்துப் பெட்டியைத் திறந்து, அந்தப் பாதிப் படத்தைத் தொட்டு, குப்பைக்கூடைப் படத்தையும் தொட்டான். நிச்சயமாக அழிக்கவா, ரெண்டு டிஸ்க்கிலும் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது என்று போன் கேட்டது. கார் கிளம்பியது. பவுலின் அக்கா வீட்டைத் தாண்டியது, ரொட்ரிகோ வாத்தியார் ஒதுங்கி நின்று கையைக் காட்டினார், முக்கில் வேகம் குறைந்தது, இன்டிகேட்டர் போட்டது, திரும்பியது, போய்விட்டது. வாசலில் அந்த ஷூக்கள் வெளியே பார்த்தபடி, சூட்கேஸை இறுக்கிப் பிடித்தபடி, கிளம்பி, கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தன.

போன் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தானாக இருண்டது.

"அழிச்சிட்டியாலே?" என்று உள்ளேயிருந்து மெட்டில்டா கேட்டாள்.

"இல்ல" என்றான்.